ஓஷன், த/பெ பின்னத்தேவன்

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
இருபதுக்குப் பத்து ஃப்ளெக்ஸ். என் கைவேலை.
வெள்ளைச் சட்டை, தோளில் தங்கக் கோடு நான்கு.
ஒச்சப்பனுக்கு அப்போது ஒரு கோடுகூட முழுசாக இல்லை;
அவங்க அப்பா கேட்டார், போட்டுக்கொடுத்தேன்.
பின்னால் நிற்கும் போர்க்கப்பல் எந்த நாட்டுடையதோ,
கொடியை அழித்துவிட்டுப் பாண்டியர் மீனை வைத்தேன்.
"ஆழியை ஆளப் புறப்பட்ட எங்கள் வேங்கையே!"
கீழே பாஸ்போர்ட் அளவில்
தாய்மாமன்கள் பத்தொன்பது பேர்,
எல்லோருக்கும் கூலிங்கிளாஸ்.

வேங்கை அந்த வாரம்
பிஸ்கே விரிகுடாவில்
ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிப்பிடித்தபடி
ஆளப்பட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு எப்படித் தெரியும்? அவனே வரைந்து அனுப்பினான்.
சரக்குக் கணக்குத் தாளின் பின்பக்கம், பால்பாயின்ட் பேனா.
துறைமுகம் தொட்டு சிக்னல் கிடைக்கிற இரவுகளில்
மொத்தமாக வந்து விழும்.
"பிரிண்ட் போட்டு வை. வீட்டுல காட்டுன, செத்த."

தாலி கட்டும் முன்பே முறிந்த ஒரு கல்யாணத்தின்
முந்நூறு அட்டை கடையில் கிடந்தது.
அதன் முதுகில் அடித்தேன்.
நீல மை தீர்ந்திருந்தது; காதுகுத்து நோட்டீஸின்
குங்குமக் கலரில் கடலை ஓட்டினேன்.
கடல் என்ன நிறம் என்று
எங்கள் ஊரில் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

'பயிற்சி அதிகாரி கடலைக் காண்கிறார்' என்றொரு படம்.
அதில் கடலே கிடையாது.
மூக்குக்கு நாலு விரல் தள்ளித் துரு. கையில் சுத்தியல்.
தட்டித் தட்டிக் கப்பலின் வாலுக்குப் போய்ச் சேர்ந்தால்
தலையில் மறுபடி பிடித்திருக்கும்.

இன்னொன்றில் கேப்டனுக்கு வாய் இருக்குமிடத்தில்
மூடுபனிக்கு ஊதுகிற குழல்.
ஒச்சப்பன் என்ற பேர் அதற்குள் நுழையாது.
"ஓஷன்! ஓஷன்!" என்று அலறுகிறார்.
இவன் கம்பியைப் பிடித்து எட்டிக்
கடலைப் பார்க்கிறான், அதைத்தான் கூப்பிடுகிறார் என்று.

நடுராத்திரிக் காவல்.
இமை இரண்டிலும் துணி மாட்டும் கிளிப்.
எதிரே வருகிற கப்பலே, விலகு விலகு என்று
விடிவெள்ளிக்கு விளக்கடிக்கிறான்.
அது விலகவில்லை.

எனக்குப் பிடித்தது ஊறுகாய்ப் படம்.
அம்மா கட்டிக்கொடுத்த நார்த்தங்காய்
ஐந்தாம் மாசமே தீர்ந்துவிட்டது.
காலி பாட்டிலை மேசைமேல் நிறுத்தி,
அவித்த உருளைக்கிழங்கை அதன் வாயருகே
காட்டிக் காட்டிச் சாப்பிடுகிறார் அதிகாரி.

சித்திரையில் ஒரு பெண் கடைக்கு வந்தாள்.
செக்கானூரணி, தவச்செல்வி.
பால் சொசைட்டியில், தண்ணீர் கலந்திருக்கிறதா என்று
குழாய் விட்டுப் பார்க்கிற வேலை.
"அந்த ஃப்ளெக்ஸ் அடிச்சது நீங்கதானே?
பொண்ணு பாக்க வர்றாங்க.
ஆளு நெசமா எப்படி இருப்பாரு?"

செத்தால் செத்தோம் என்று கட்டைப் பிரித்தேன்.

நின்றபடியே பார்த்தாள். துருவுக்குச் சிரித்தாள்.
விடிவெள்ளிக்கு, புரையேறும் அளவுக்கு.
தலைப்பில்லாத ஒன்றில் மட்டும் நின்றுவிட்டாள்:
அட்டை முழுக்கக் குறுக்கே ஒரு கோடு,
கோட்டின்மேல் ஒரு புள்ளி.
"இது கப்பலா, அவரா?"
மை சிதறினதாகக்கூட இருக்கும் என்றேன்.
எனக்கும் தெரியாது.

வாளிப் படத்தை எடுத்துக்கொண்டாள்.
திருப்பினாள். யாருடையதோ முகூர்த்த நேரம்.
"நின்னுபோனதா?"
"ஆமா."
முப்பது ரூபாயை வைத்துவிட்டுப் போனாள்.

ஆடிக் காற்றில் ஃப்ளெக்ஸ் கிழிந்தது.
டீக்கடைக்காரர் கூரைக்கு இழுத்துப் போட்டார்.
ஐப்பசியில்தான்
அந்தப் போர்க்கப்பல் மேல் முதன்முதலாகத் தண்ணீர் பட்டது.
பத்தொன்பது தாய்மாமன்கள் சேர்ந்து தாங்கியும்
போண்டா சட்டிக்குள் ஒழுகியது.